பெட்டியை மாற்றலாம், பூச்சியத்தை யார் வைப்பது?

வாகனக் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஆசிரியை. 2012ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் ஒழுங்கை மிகவும் ஒடுக்கம். காரை உள்ளே விட நாலைந்து தரம் முன்னும் பின்னும் எடுக்கவேண்டும். சில மாதங்களாக அப்படி எடுக்கும்போது ஸ்டியரிங் திடீரென்று இறுகுகிறது. இரண்டு தரம் ஸ்டியரிங் படம் போட்ட விளக்கும் எரிந்தது. நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரத்தால் ஸ்டார்ட் பண்ணினால் அணைந்துவிடுகிறது. காலி வீதிக்கு ஏறிவிட்டால் ஒரு குறையும் இல்லை. பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படிக்கும் என் மகன், "பஞ்சிகாவத்தையில் இதைவிடக் கூடிய கிரேட் காரின் ஈ.பி.எஸ். (மின்சார ஸ்டியரிங்) பெட்டி கிடைக்கும், சொக்கட் ஒன்றுதான், வீட்டிலேயே மாற்றி அப்கிரேட் பண்ணிவிடுவேன்" என்கிறான். விடலாமா?
— ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்துக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. ஒழுங்கைக்குள் இறுகுகிறது, காலி வீதியில் சுகமாக ஓடுகிறது, ஆறவிட்டால் விளக்கு அணைகிறது. பெட்டி பழுதான கார் பெரும்பாலும் இப்படி இடமும் நேரமும் பார்த்து நடந்துகொள்வதில்லை. ஆகவே பெட்டிக்குக் காசு கொடுக்கமுன் நான் சொல்வதை ஒருமுறை பாருங்கள்.

உங்கள் காரில் பழைய கார்களைப் போல் எண்ணெய்ப் பம்ப் இல்லை. ஸ்டியரிங் தண்டோடு ஒரு மின் மோட்டர் பூட்டியிருக்கிறது. நீங்கள் திருப்பும் பக்கத்துக்கு அதுவும் சேர்ந்து தள்ளுகிறது. எவ்வளவு தள்ளவேண்டும் என்று சொல்வதுதான் மகன் சொல்லும் அந்த ஈ.பி.எஸ். பெட்டி. கார் ஓடும்போது மோட்டருக்கு அதிக வேலை இல்லை. கார் அசையாமல் நிற்க, டயரை ரோட்டில் வைத்து அரைக்கும்போதுதான் அதற்கு உயிர் போகும். அந்த நேரத்தில் பற்றரியிலிருந்து பத்துக்கணக்கான அம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் எடுத்து, ஒவ்வொரு தரமும் கடைசிவரை திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றால் மோட்டரும் பெட்டியும் சூடேறும். சூடு கூடியதும் பெட்டி தானாகவே உதவியைக் குறைக்கும். தன்னையும் மோட்டரையும் எரியாமல் காப்பாற்ற அது செய்யும் வேலை அது. டொயோட்டா கைநூலிலேயே இதை எழுதியிருக்கிறார்கள்: ஸ்டியரிங்கை அதிகம் திருப்பாமல் விட்டால் சுமார் 10 நிமிடத்தில் பழையபடி வரும். ஸ்டியரிங்கைக் கடைசி எல்லையில் முட்டவிட்டுப் பிடித்திருக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். முட்டியதும் ஒரு விரல் அளவு திரும்பிவர விடுங்கள். கார் மெல்ல உருளும்போது திருப்பினால் மோட்டருக்குப் பாதிச் சுமை குறையும்.

ஆனால் முன்பு இல்லாதது சில மாதமாக வருகிறது, விளக்கும் எரிகிறது என்கிறீர்கள். அதனால் சூடு மட்டும் காரணம் என்று முடிக்க எனக்கு மனமில்லை. மகனிடம் மல்டிமீட்டர் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவருக்கு வேலை கொடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் பற்றரியை அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்கவேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டவேண்டும். பிறகு நீங்கள் உள்ளே இருந்து, கார் அசையாமல், ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். மகன் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். 12க்குக் கீழே விழுந்தால் பற்றரியோ, அதைச் சார்ஜ் பண்ணும் ஆல்டனேற்றரோ சோர்ந்துவிட்டது. மின்னழுத்தம் குறைந்தால் இந்தப் பெட்டி உதவியைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிட்டு விளக்கைப் போடும்.

அடுத்தது ஏர்த், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போகும் வழி. வெள்ளவத்தையில் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மெரைன் டிரைவுக்கு அண்டிய ஒழுங்கைகளிலிருந்து வரும் கார்களில், பொடியோடு (காரின் இரும்பு உடலோடு) முறுக்கிய ஏர்த் ஆணிகளைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பூப் பூத்தும் துருப்பிடித்தும் இருக்கும். கடற்காற்றின் உப்பு வேலை. டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயர்தான் ஏர்த். மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் கழித்தல் முனையில் வையுங்கள், மற்றதைப் பெட்டியின் ஏர்த் வயர் பூட்டிய ஆணியில் வையுங்கள். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்ப, 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் அந்த ஆணியைக் கழற்றி, பொடி மினுங்கும்வரை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப முறுக்கவேண்டும். செலவு ஒரு துண்டு உப்புத்தாள். பெட்டிக்கு விலை கேட்டு வந்த எத்தனையோ பேரை இந்த ஓர் ஆணியோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். டயர் காற்றையும் பாருங்கள். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது.

இனி மகனோடு நேரடியாகக் கதைக்கிறேன்.

தம்பி, நீங்கள் கெட்டிக்காரன் என்று கடிதமே சொல்கிறது. பெட்டியைக் கழற்றிப் பூட்டுவது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தப் பெட்டி யாருடைய சொல்லைக் கேட்டு மோட்டரை ஓட்டுகிறது என்று யோசித்தீர்களா? ஸ்டியரிங் தண்டு ஒரே துண்டு இல்லை. மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இணைப்பது ஒரு மெல்லிய உருக்குக் கம்பி. பழைய தண்டு ஒன்றை வெட்டிப் பழகுநர் பையன்களுக்குக் காட்டுவதற்காக என் மேசையில் வைத்திருக்கிறேன். கம்பி ஒரு பென்சில் தடிப்புத்தான். டீச்சர் மேலே திருப்பும்போது டயர் கீழே தடுக்கும், கம்பி சில பாகை முறுகும். அந்த முறுகலை அளக்கும் சென்சர்தான் டோர்க் சென்சர். பல கார்களில் அது இரண்டு சமிக்ஞை அனுப்பும், கை படாதபோது இரண்டும் 2.5 வோல்ட் அண்டி நிற்கும். பெட்டி இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் உடனே உதவியை நிறுத்தி விளக்கைப் போடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். உலகத்தில் எந்த இரண்டு தண்டும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றின் நடு 2.50 என்றால் மற்றதின் நடு 2.46 ஆக இருக்கும். ஆகவே ஒவ்வொரு பெட்டியும் தன் காரின் தண்டுக்கு எது நடு, எது பூச்சியம் என்று படித்து மனத்தில் வைத்திருக்கிறது. வேறு காரின் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டினால் அது அந்தக் காரின் பூச்சியத்தோடு வரும். உங்கள் சென்சரின் இரண்டு சமிக்ஞையும் ஒன்றுக்கொன்று ஒத்துத்தான் இருக்கும், ஆகவே விளக்கு எரியாது. ஆனால் பெட்டி அந்தச் சின்ன வித்தியாசத்தை யாரோ திருப்புவதாக நினைக்கும்.

ஆறேழு வருடத்துக்கு முன் கொட்டாஞ்சேனையில் உள்ள என் கராஜுக்கு ஒரு வெள்ளை விட்ஸ் வந்தது. "வலப்பக்கம் இழுக்குது அண்ணன், ரெண்டு தரம் அலைன்மென்ட் பார்த்தாச்சு, சரிவருதில்லை" என்றார் கொண்டுவந்த பையன். நீர்கொழும்புக்கு ஹயர் ஓடுகிறவர். இடக்கையால் பிடித்துப் பிடித்துத் தோள் நோகுது என்று தோளைத் தடவிக்கொண்டே சொன்னார். எங்கோ ஓரிடத்தில் பெட்டி மாற்றியதைப் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார், அது காரணமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஜாக் போட்டு முன் சில்லு இரண்டையும் நிலத்திலிருந்து தூக்கினேன். என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டு கையையும் எடுத்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஸ்டியரிங் தானாக, யாரோ கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து திருப்புவதுபோல், மெதுவாக வலப்பக்கம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே போய்க் கடைசியில் முட்டி நின்றது. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை. அந்தப் பையன் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பின் சீட்டில் ஒரு குழந்தைச் சீட் பூட்டியிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. காரின் பெட்டிகளோடு பேசும் கருவியான ஸ்கேனரைப் போட்டு டோர்க் சென்சர் பூச்சியத்தைத் திரும்ப வைத்தோம். அதே பெட்டி, அதே தண்டு, பத்து நிமிடத்தில் நேராகிவிட்டது.

அந்தப் பத்து நிமிட வேலைதான் வீட்டில் செய்ய முடியாதது. டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம் மென்பொருளோ, ஈ.பி.எஸ்ஸுக்குள் போய் அளவுதிருத்தம் செய்யக்கூடிய தரமான ஸ்கேனரோ வேண்டும். ஒன்லைனில் மலிவாக விற்கும் ஈ.எல்.எம்.327 டொங்கிள் பெரும்பாலும் என்ஜின் கோட்களை மட்டும்தான் வாசிக்கும். ஸ்கேனரில் சி1515 வந்தால் பூச்சியம் வைக்கவில்லை என்று அர்த்தம். சி1516 வந்தால் தொடங்கிய வேலை முடியவில்லை. வைக்கும்போது கார் சமதரையில் அசையாமல் நிற்கவேண்டும், சில்லுகள் நேராக இருக்கவேண்டும், ஸ்டியரிங்கில் ஒருவர் கையும் படக்கூடாது. கதவைக்கூட அடித்துச் சாத்தாதீர்கள்.

'கூடிய கிரேட்' பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். அது கூடிய பெட்டி இல்லை, வேறு காரின் பெட்டி. எந்த வேகத்தில் எவ்வளவு உதவி என்ற கணக்கு அதற்குள் எழுதியிருக்கிறது. காரின் எடை, டயரின் அகலம், முன்பக்க என்ஜினின் பாரம் எல்லாம் பார்த்து எழுதிய கணக்கு. பாரமான காரின் கணக்கை இலேசான காரில் போட்டால் ஒழுங்கைக்குள் நன்றாகத்தான் இருக்கும், அம்மாவும் சந்தோஷப்படுவார். தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது ஸ்டியரிங் காற்றில் மிதப்பதுபோல் இருக்கும். ஒரு தும்மலுக்கு லேன் மாறிவிடும் அளவுக்கு ஸ்டியரிங் இலேசாவதை நான் அப்கிரேட் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். சொக்கட் பொருந்துவது ஒன்றுக்கும் சாட்சி இல்லை. ஒரே சொக்கட்டைக் கம்பனி பத்து மாடலுக்குப் போடும்.

அளந்து பார்த்துப் பெட்டிதான் பழுது என்று உறுதியானால் மாற்றுங்கள், நானும் மறுக்கவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் இலக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். டொயோட்டாவில் முதல் ஐந்து இலக்கம் 89650 என்றால் அது பவர் ஸ்டியரிங் கொம்பியூட்டர். அடுத்த ஐந்தும்தான் எந்தக் காருக்கு என்று சொல்வது. பத்தும் ஒத்துவரவேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திரும்பத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் கழற்றிய சாமான் கைமாறிக் கைமாறி எங்கெல்லாமோ சுற்றியிருக்கிறது. சொக்கட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஊசிகளில் பச்சை பூத்திருந்தாலோ, மூலையில் சேற்றுக் கோடு இருந்தாலோ வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். சரிவராவிட்டால் திருப்பி எடுப்போம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கழற்றும்போது பற்றரியின் கழித்தல் முனையை முதலில் எடுத்து, குறைந்தது 90 செக்கன் பொறுங்கள். எயார்பேக் மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும். மஞ்சள் நிறச் சொக்கட்டும் வயரும் எயார்பேக்கினுடையவை, அவற்றில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது. சில மாடல்களில் பெட்டி தண்டோடேயே ஒட்டியிருக்கும், தண்டை இறக்காமல் எடுக்க வராது. அப்படி என்றால் வீட்டில் தொடாதீர்கள். தண்டைக் கழற்றிய நிலையில் ஸ்டியரிங் ஒரு சுற்றுக் கூடச் சுற்றினால் உள்ளே சுருண்டிருக்கும் எயார்பேக் நாடா அறுந்துவிடும். நாங்கள்கூட சீட் பெல்ட்டை ஸ்டியரிங் கம்பிக்குள்ளால் விட்டுக் கொளுவி, அசையாமல் கட்டிவிட்டுத்தான் தொடுவோம். பூட்டி முடிந்ததும் அந்தக் காரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு ஸ்கேனருக்குப் போகாதீர்கள். ஸ்கேனரை வீட்டுக்கு வரவழையுங்கள். கையடக்கமான சாமான்தான், ஓட்டோவில் கொண்டுவருவார்கள்.

டீச்சர், மகன் மீட்டர் வைத்து அளக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். எண்களை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் மிச்சத்தைச் சொல்கிறேன்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சார ஸ்டியரிங் வேலை செய்யாமல் போனால் கார் திரும்பாமல் போய்விடுமா? என் மனைவிக்கு இந்தப் பயத்திலேயே ஓட்டப் பிடிக்கவில்லை.
— ஒரு வாசகர், தெமட்டகொடை

பதில்: திரும்பும். ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் இடையில் இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது, மோட்டர் வெறும் உதவியாள்தான். பாரமாக இருக்கும், இரண்டு கையும் வேண்டும், ஆனால் கார் உங்கள் சொல்லைக் கேட்கும். மனைவிக்கு வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. ஞாயிறு காலை ஒரு வெற்று மைதானத்தில், ஈ.பி.எஸ். பியூஸைக் கழற்றிவிட்டு, நடக்கும் வேகத்தில் ஓடவிடுங்கள். கைக்கு அந்தப் பாரம் ஒருமுறை பழகினால் பயம் போய்விடும். பியூஸை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: மழை வெள்ளத்தில் எங்கள் காருக்குள் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்து இரண்டு நாள் வெயிலில் நின்றது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா? ஸ்டியரிங் பெட்டி கீழேதான் இருக்கிறது.
— ஒரு வாசகி, கொலன்னாவை

பதில்: சாவியைத் தொடாதீர்கள் தங்கச்சி. பற்றரியை இப்போதே கழற்றுங்கள். 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் பக்கத்திலிருந்து வந்த கார்களில் நான் கண்டது இதுதான்: தண்ணீர் பெட்டியைக் கொல்வதைவிட, ஈரம் காயமுன் கொடுத்த மின்சாரம்தான் கொன்றது. வெளியே வெயில் பட்டுக் காய்ந்தாலும் பெட்டிக்குள் சேற்றுத் தண்ணீர் நிற்கும். பெட்டியைக் கழற்றி, திறந்து, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் மென்மையான பிரஷ் கொண்டு கழுவி, முற்றாகக் காயவைக்கவேண்டும். ஒவ்வொரு சொக்கட்டையும் அதேபோல். அப்படிச் செய்தும் சில வாரத்தில் ஊசிகள் பச்சை பூக்கக்கூடும், ஆகவே ஒரு மாதத்தால் திரும்பக் கழற்றிப் பாருங்கள். காப்புறுதி இருந்தால், பற்றரி தவிர வேறெதையும் கழற்றமுன் படம் எடுத்து அவர்களுக்கு அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் அப்பாவுக்கு 78 வயது. அவருடைய மொரிஸ் மைனரை இன்றும் தானே ஓட்டுகிறார். இப்போது தோள் நோவால் ஸ்டியரிங் திருப்பக் கஷ்டப்படுகிறார். வெளிநாட்டில் பழைய கார்களுக்கு, நொப் (திருப்பும் குமிழ்) வைத்த பெட்டியோடு மின்சார ஸ்டியரிங் பூட்டுகிறார்களாமே, அதை மைனருக்குச் செய்யலாமா?
— ஒரு வாசகர், தெகிவளை

பதில்: செய்யலாம். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஏனென்றால் இந்த வேலையில் மின்சார ஸ்டியரிங்கின் நல்ல பக்கம் தெரியும். இதைச் சிறிய காருக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள்: 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோவுக்கு. மைனரும் சிறிய கார், அதிலும் ரக் அன்ட் பினியன் ஸ்டியரிங், ஆகவே தண்டின் நடுவில் மோட்டர் வைத்த தண்டு பொருந்த இடமுண்டு. ஐரோப்பாவில் ஒப்பல் கோர்சாவின் தண்டை எடுத்து இப்படிப் பூட்டுவது பழைய வழக்கம்.

ஆனால் முதலில் கிறீஸ் துப்பாக்கியை எடுங்கள். மைனரின் முன்பக்கத்தில் சில்லு திரும்புவது டிரனியன் என்ற மரையுள்ள மூட்டில். அதற்குக் கிறீஸ் ஏறாமல் விட்டால் ஸ்டியரிங் இறுகும், தேய்ந்து தேய்ந்து ஒருநாள் முன் சில்லே மடிந்துவிடும். ஜாக் போட்டுச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் உள்ள நிப்பிள்களில் பழைய கிறீஸ் வெளியே தள்ளும்வரை அடியுங்கள். அகல ரேடியல் டயர் போட்டிருந்தால் அதுவும் பாரத்துக்குக் காரணம். அப்பாவின் தோளுக்கு இவ்வளவே போதுமாக இருக்கலாம்.

போதாவிட்டால், மின்சாரத்தைப் பாருங்கள். மைனர் கூட்டல் முனையைப் பொடியோடு ஏர்த் பண்ணிய கார். அந்த நிலையில் இக்காலப் பெட்டி ஒன்றைப் பூட்டினால் முதல் நொடியிலேயே எரியும். முதலில் கழித்தல் ஏர்த்துக்கு மாற்றவேண்டும். அடுத்தது டைனமோ. லூக்காஸ் சி40 டைனமோ தருவதே 22 அம்பியர் அளவில்தான், அதுவும் என்ஜின் வேகமாக ஓடும்போது. பார்க் பண்ணும்போது ஸ்டியரிங் மோட்டர் கேட்பதற்கு அது ஈடுகொடுக்காது, ஹெட் லைட்டும் போட்டிருந்தால் பற்றரி இறங்கிவிடும். ஆல்டனேற்றர் கட்டாயம் வேண்டும். தண்டை வெட்டி ஒட்டும் வேலையை ரோட்டோர வெல்டரிடம் கொடுக்கவே வேண்டாம். பற்கள் வெட்டிய மூட்டுகளால் இணைக்கத் தெரிந்த லேத் பாஸ் ஒருவரைப் பிடியுங்கள். ஸ்டியரிங் தண்டில் ஒட்டு விட்டால் அப்பா கையில் ஸ்டியரிங் வளையம் மட்டும்தான் மிஞ்சும். மாற்றம் செய்த காருக்குக் காப்புறுதி செல்லுமா என்பதையும் வேலை தொடங்கமுன் கம்பனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நொப் இருக்கிறதே, அது பெட்டிக்கு உதவியின் அளவை ஒரே நிலையில் சொல்லிக்கொண்டிருக்கும். விட்ஸைப் போல் வேகம் கூடக் குறையாது. ஆகவே பார்க் பண்ணச் சுகமாக இருக்கும் அளவுக்கு அதைத் திருப்பிவைத்துவிட்டுக் காலி வீதியில் ஏறக்கூடாது. ஓடும்போது கைக்கு ரோடு தெரியும் அளவில் வைத்து, பார்க்கிங்குக்கு அதில் கிடைக்கும் உதவி போதும் என்று விடுங்கள். வைக்கும்போது அப்பாவையே ஓட்டவிடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து நொப்பை மெல்ல மெல்லத் திருப்புங்கள். அவர் போதும் என்று சொல்லும் இடத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சால் குறி போட்டுவிடுங்கள்.